இரண்டு நெருப்பும் ஒரு கிடாரம் கூழும்

என் வயதுக்காரர்களே, கடற்கரையில் நெருப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட இப்போது முன்கூட்டியே இடம் பதிய வேண்டுமாம். போன மாதம் வெளிநாட்டிலிருந்து வந்த என் மருமகன் எங்களை எல்லாம் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அப்படி ஓர் இடத்தில் இருத்தினார். மணலில் வட்டமாகக் கதிரைகள். நடுவில் விறகு. வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு தம்பி மீனை ஈயப்பேப்பரில் சுற்றித் தணலில் வைத்தான். சிங்க இறாலைப் பிளந்து பட்டர் பூசினான். நெருப்பை மட்டும் காற்று வரும் பக்கம் பார்த்து மூட்டியிருந்தான். புகை முழுக்க எங்கள் கண்ணில்.

நான் சும்மா இருப்பேனா? எழும்பிப் போய், "தம்பி, அடுப்பை அந்த வள்ளத்துக்கு மறைவிலை வையும், காத்து வளம் பாத்து வாயைத் திருப்பும்" என்றேன். "அம்மாவுக்குக் காம்பிங் பழக்கமோ?" என்று கேட்டான். பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். பதினொரு வயதில் ஆளில்லாத தீவொன்றில் நாலு கிழமை வெளி நெருப்பில் சமைத்தவள் நான். அதற்குக் காம்பிங் என்று பெயர் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாலு கிழமையும் திரும்பி வர வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒரு சொட்டும் இல்லை. எங்கள் வீட்டுக் குசினியில் காஸ் அடுப்பு இருக்கிறது, திருகினால் எரிகிறது, சந்தோஷம். ஆனால் அந்தத் தீவில் நான் செய்த ஒரு வேலை இருக்கிறது. நல்ல சமையல்காரி என்று இந்த ஊரில் பெயர் எடுத்த பிறகும் அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் ஒரு கரைவலைக்குச் சொந்தக்காரர்கள். கரைவலை என்றால் வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனையிலும் உள்ள கயிறுகளைக் கரையில் நின்று இழுப்பது. ஒரு கயிறு பெரியப்பாவின் பக்கம், மற்றது அப்பாவின் பக்கம். இழுக்க இழுக்க இரண்டு பக்கத்து ஆட்களும் நெருங்கி வருவார்கள். மீன் நிறைந்த மடி கரையேறும்போது தோளோடு தோள் முட்டும். அப்படித்தான் அவர்களுடைய தகப்பன் காலத்திலிருந்து நடந்து வந்தது.

அந்த ஆண்டு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். பெரியப்பாவின் கடைசி மகனுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முதல் நற்கருணை வாங்குகிற நாள். எங்கள் ஊரில் நன்மை தின்மைக்கு வீட்டுக்கு வந்து, படலை திறந்து, நேரில் சொல்ல வேண்டும். பெரியப்பா பாண் விற்க வருகிறவனிடம் சொல்லி அனுப்பிவிட்டார். கூடப்பிறந்தவனுக்கும் அழைப்புச் சொல்ல வேண்டுமா என்பது அவருடைய நினைப்பு. "அண்ணன் மோனுக்குப் புதுநன்மையாம், பாண்காரன் வந்து சொல்லுறான்" என்று அப்பா போகவில்லை. வராதது பெரியப்பாவுக்கு அவமானம். அவ்வளவுதான் கதை. ஒரு மனிசர் கேட்டால் காறித் துப்புகிற காரணம், அதற்காக ஆறு மாதம் முகம் பார்க்கவில்லை.

ஆனாலும் வலை ஒன்று. பருவம் வந்ததும் இரண்டு பேரும் அந்தச் சிறு தீவுக்குப் போய் வாடி அடித்தே ஆக வேண்டும். வாடி என்பது கிடுகால் மேய்ந்த குடில், தொழில் முடிந்ததும் பிரித்துவிடுவது. வழக்கமாக வாடிக்குச் சமைக்க வருகிறவர், "கதைக்காத ரெண்டு முதலாளிமாருக்கு ஒரு அடுப்பிலை சமைக்க என்னாலை ஏலாது" என்று வரமாட்டேன் என்றுவிட்டார். புத்திசாலி.

அம்மாவுக்கு என் தம்பி பிறந்து ஒரு மாதம். அவவைப் பார்க்கப் பெரியம்மா எங்கள் வீட்டிலேயே நின்றா. பெண்கள் இரண்டு பேருக்கும் சண்டையே இல்லை, ஆண்களுடைய சண்டையைப் பற்றிப் பேசிச் சிரிப்பதுதான் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் அப்பாவின் அடுப்புக்கு என்னையும், பெரியப்பாவின் அடுப்புக்கு அவருடைய மகளையும் அனுப்புவதென்று அவர்களே முடிவு செய்தார்கள். அவள் என்னிலும் எட்டு மாதம் மூப்பு. எட்டு மாதத்துக்காக அக்கா என்று கூப்பிட வேண்டியிருந்தது எனக்குப் பெரிய எரிச்சல்.

சாமான் கட்டும்போது அம்மாவும் பெரியம்மாவும் ஒரு கெட்டித்தனம் செய்தார்கள். மிளகாய்த்தூள், புளி, வெங்காயம் எல்லாம் என் பையில். தேங்காய், உப்பு, ஒடியல் மா எல்லாம் அக்காவின் பையில். ஒருத்தியிடம் ஒருத்தி கேட்டுத்தானே ஆக வேண்டும், பிள்ளைகள் சேர்ந்தால் தகப்பன்மாரும் சேர்ந்துவிடுவார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். பெரியவர்கள் சிறுபிள்ளைகளைப் பற்றி எவ்வளவு நல்லதாக நினைக்கிறார்கள் என்று இப்போது யோசித்தால் பாவமாக இருக்கிறது.

வள்ளத்தில் இரண்டு மணித்தியாலம். தீவில் நாலைந்து பனை, முட்பற்றை, கடலுக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை. குடிக்கத் தண்ணீர் இல்லை. மீன் ஏற்றிப் போகிற வள்ளம் திரும்பி வரும்போது பீப்பாவில் கொண்டுவரும், அதை அடுப்புக்கு இவ்வளவு என்று அளந்துதான் தருவார்கள். சோளகக் காற்று அடிக்காத கரையில் இரண்டு வாடி. இடையில் பத்தடி. இரண்டு வாடிக்கும் முன்னால் ஆளுக்கொரு அடுப்பு.

முதல் நாள் நான் மூன்று முருகைக்கல்லை, அதுதான் பவளப்பாறைக் கல்லை, கடல் ஓரத்தில் பொறுக்கி வந்து அடுப்பு வைத்தேன். ஈரக் கல் என்று யோசிக்கவில்லை. உலை கொதிக்கும் நேரம் ஒரு கல் வெடி போட்டதுபோல் வெடித்து, பானை சரிந்து, அரிசியும் தண்ணீரும் நெருப்பில். அங்கே அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மற்ற நாள் அவளுடைய கல் வெடித்தது. நான் வாயைப் பொத்தவில்லை.

கெதியாகவே பழகிவிட்டோம். பனை மட்டையடியில் இருக்கிற நார்ப் பன்னாடை பற்ற வைக்க நல்லது. பனைமட்டை பொங்கி எரிந்து அடங்கிவிடும், உலைக்கு ஆகும், கறிக்கு ஆகாது. சாக்கில் கொண்டுபோன ஊமல், அதுதான் அந்தப் பனங்கொட்டைக் கோது, தணலானால் மத்தியானம் வரை நின்று பிடிக்கும். கடலில் ஒதுங்கிய கட்டை எரிந்தால் சுவாலையில் பச்சை தெரியும், அதைப் பார்த்துக்கொண்டிருந்து சோற்றை அடிப்பிடிக்க விட்டதும் உண்டு.

முதல் மூன்று நாளும் எங்கள் பக்கம் உறைப்பு மட்டும், அவர்கள் பக்கம் தேங்காய்ப்பால் மட்டும். அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டுவிட்டு எழும்புவார். பெரியப்பா வெள்ளைச் சொதியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நாலாம் நாள் வாடிகளுக்குப் பின்னால் நானும் அக்காவும் சந்தித்தோம். ஒரு சிரட்டை மிளகாய்த்தூளுக்கு ஒரு பாதித் தேங்காய். அன்றைக்கு இரண்டு அடுப்பிலும் ஒரே நேரம் நல்ல கறி. தகப்பன்மார் இருவரும் அதைக் கவனிக்காதது போலச் சாப்பிட்டார்கள், கறியைக் கொஞ்சம் கூடவே போட்டுக்கொண்டு.

பிறகு எங்களுக்குள் போட்டி வந்துவிட்டது. இழுத்த மடியில் நல்ல மீன் கண்டால் இரண்டு பேரும் பாய்வோம். நான் ஒட்டி மீனைச் செதில் எடுக்காமல், ஈரச் சாதாளையால் சுற்றித் தணலுக்குள் புதைத்தேன். சாதாளை என்றால் கரையில் ஒதுங்குகிற கடற்புல். கால் மணித்தியாலம் கழித்துப் பிரித்தால் தோல் புல்லோடு கழன்று வரும், உள்ளே வெள்ளைச் சதை, உப்பும் போட வேண்டாம். அக்கா கணவாய்க்குள் சோறும் சின்ன இறாலும் அடைத்து, ஈர்க்கால் தைத்துச் சுட்டாள். நான் சிங்க இறாலைக் கோதோடு தணலில் போட்டு, செத்தல் மிளகாயைச் சுட்டுக் கல்லில் இடித்து மேலே தூவினேன். அந்த வெள்ளைத் தொப்பித் தம்பி பட்டர் பூசியதைவிட அது நன்றாக இருந்தது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வலை இழுக்கிற ஆட்கள் பக்கத்துக்கு நாலு பேர். இன்றைக்கு எந்தப் பக்கம் திறம் என்று அவர்களுக்குள் பந்தயம். வள்ளத்தை ஓட்டி வலை வளைக்கிற தண்டல் மட்டும் எந்தப் பக்கத்துக்கும் ஆள் இல்லை, ஒருநாள் விட்டு ஒருநாள் மாறி மாறிச் சாப்பிடுவார். தகப்பன்மாரோடு முகத்துக்கு நேரே கதைக்கத் துணிவு இருந்ததும் அவருக்குத்தான்.

இவ்வளவும் நல்லது. இனிக் கெட்டது.

கதைக்காமல் இரண்டு பேர் ஒரு வலையை எப்படி இழுப்பது? எங்களை விட்டுத்தான். "பிள்ளை, பெரியப்பாவிட்டைச் சொல்லு, நாளைக்கு விடியவெள்ளெனப் போடுறதாம்." நான் பத்தடி நடந்து போய்ச் சொல்வேன். பெரியப்பா பதில் சொல்வார். நான் பத்தடி திரும்பி வருவேன். அக்காவும் செய்வாள்தான், ஆனால் அவள் பேச்சு மெதுவானது, பாதியில் நின்று யோசிப்பாள். அதனால் ஒரு கிழமைக்குள் இரண்டு பக்கத்துக்கும் நானே தூதுவர். நான் நடக்கத் தொடங்கினால் கிழிந்த வலை பொத்துகிறவன் கையை நிறுத்துவான், பீடி பற்ற வைக்கிறவன் தீப்பெட்டியை இறக்குவான். அதுவரை என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அது சமையலைவிடப் பிடித்துப்போயிற்று.

அதனால் நான் செய்திகளைச் சுருக்கத் தொடங்கினேன். சொன்னதில் உறைப்பானதை மட்டும் எடுப்பேன், மிச்சத்தை வழியில் விட்டுவிடுவேன். "அவனுக்கு இருமல் சுகமோ எண்டு கேள்" என்று பெரியப்பா ஒருநாள் சொன்னார். அதைக் கொண்டுபோய்ச் சொன்னால் யார் தலை நிமிர்ந்து பார்க்கப் போகிறார்கள்? சொல்லவில்லை. "நேத்து இழுத்த இழுவை சரியில்லை" என்றதைச் சொன்னேன். அது பொய் இல்லையே என்று எனக்குள் நியாயம் வேறு.

மூன்றாம் கிழமை அப்பாவின் பக்கத்துக் கயிறு பாதி வழியில் அறுந்து, வலை ஒரு பக்கம் தாழ்ந்து, வந்த மீன் அவ்வளவும் போயிற்று. பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "கயிறு நல்லாப் பழசாய்ப் போச்சு, கவனமாய் இழுக்கட்டாம் எண்டு சொல்லு. என்னட்டைப் புதுக்கயிறு ஒரு சுருள் கிடக்கு, எடுக்கச் சொல்லு." நான் அப்பாவிடம் வந்து, "உங்கடை கயிறு பழசாம். கவனமாய் இழுக்கட்டாம்" என்றேன். புதுக்கயிறு வழியில் விழுந்துவிட்டது.

அப்பா ஏற்கெனவே கொதித்துக்கொண்டு நின்றார். "அவ்வளவு வில்லங்கமெண்டால் வலையைப் பிரிப்பம், தன்ரை பாதியைத் தான் வைச்சு இழுக்கட்டும்" என்றவர், அடுத்த மூச்சிலேயே, "இதைப் போய்ச் சொல்லிப்போடாதை பிள்ளை. கோவத்திலை வாயிலை வந்தது" என்றார்.

நான் போய்ச் சொன்னேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கனமான செய்தி எனக்குக் கிடைத்ததில்லை. அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. பெரியப்பாவின் முகம் கறுத்தது. "சரி. திங்கட்கிழமை வெட்டுவம் எண்டு சொல்லு. சுருவில் ஊரிலை இருந்து வலை பொத்துற ஆளைக் கூப்பிடுறன், அவர் நடுவை அளந்து வெட்டட்டும்" என்றார். அதை மட்டும் நான் ஒரு சொல்லும் விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அப்பா தலையை ஆட்டினார். தான் சொல்லாதே என்றது போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவருக்குத் தெரியாது. அண்ணனே வெட்ட நினைக்கிறார் என்று எண்ணிக்கொண்டார். கரைவலையைப் பாதியாக வெட்டினால் இரண்டு பாதியும் ஒன்றுக்கும் உதவாது, நடுவில் மீன் நிற்கிற மடியே இராது. எட்டு ஆட்களுக்கும் தொழில் போகும். எங்கள் இரண்டு வீட்டிலும் உலை வைக்கிறதே பிறகு கேள்விதான். தண்டல் இரண்டு வாடிக்கும் கேட்கக் கூடியதாக, "பாதி வலை போட்டால் கடலிலை மீனும் பாதிபாதியாய் வந்து நிக்குமாக்கும்!" என்று கத்தினார்.

எனக்குப் பயம் பிடித்தது. ஆனால் செய்ததைச் சொல்கிற பயம் அல்ல, அது எனக்குத் தோன்றவே இல்லை. வலையை நான் காப்பாற்ற வேண்டும் என்றுதான் தோன்றியது. அந்த வயதில் எனக்கு இருந்த தன்னம்பிக்கை இப்போது யாரிடமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு இறங்குவதில்லை. அன்று காலையில் சிலுவைக்கு முன் செபம் சொல்லிவிட்டு எல்லாரும் சும்மா இருப்பார்கள். அன்றைக்குக் கூழ் காய்ச்சுவோம் என்று அக்காவிடம் சொன்னேன். கூழ் பத்துப் பேருக்குக் குறையக் காய்ச்சினால் கூழ் இல்லை. கடல் அட்டை அவிக்கிற கிடாரம், அந்தப் பெரிய அண்டா, ஒன்றே ஒன்றுதான் தீவில் இருந்தது. ஒரு கிடாரம் என்றால் ஒரு நெருப்பு. ஒரு நெருப்பு என்றால் எல்லாரும் சுற்றியிருந்து குடித்தே ஆக வேண்டும். அக்கா கொஞ்சநேரம் யோசித்துவிட்டு ஓம் என்றாள்.

சனிக்கிழமை பின்னேரம் முழுக்க அந்தக் கிடாரத்தை மணல் போட்டுத் தேய்த்தோம், அட்டை நாற்றம் போக. ஞாயிறு காலையில் இரண்டு வாடிக்கும் நடுவே, சரியாக ஐந்தாவது அடியில், காய்ந்த கல்லாகப் பார்த்து அடுப்பு மூட்டினோம். நண்டு, இறால், கணவாய், பெரிய மீன் தலைகள். வள்ளத்தில் வந்த பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை. ஒரு பிடி அரிசி. செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்தது. பழப்புளி. கொதிக்கும்போது எழும்பின மணத்துக்கு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். அகப்பையில் எடுத்துச் சுவை பார்த்தேன். திறம். நானே என்னை மெச்சினேன்.

ஒடியல் மா கடைசியில்தான் போடுவது. அது பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த கசப்பு மா. காலையிலேயே தண்ணீரில் ஊறப்போட்டு, மா அடியில் படிந்ததும் மேலே நிற்கிற கசப்புத் தண்ணீரை வடித்து ஊற்றி, புதுத் தண்ணீர் விட்டுத் திரும்ப வடிக்க வேண்டும். இது எங்கள் பக்கத்தில் பால்குடிக்கும் தெரியும். அக்கா விடியவே ஊறப்போட்டிருந்தாள். வடிப்பது நெருப்புக்காரியின் வேலை என்று அவள் நினைத்தாள். வடித்துப் புதுத் தண்ணீர் விட்டுத்தான் வைத்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன். அளந்து தருகிற தண்ணீரை இனியும் வடித்து வீணாக்குவதா? சட்டியைக் கலக்கி அப்படியே கிடாரத்துக்குள் ஊற்றினேன். கூழ் இறுகிப் பளபளவென்று வந்தது. அதற்குப் பிறகு சுவை பார்க்கவில்லை. பார்த்ததுதானே என்ற நினைப்பு.

தண்டல் பனையோலையை மடித்துக் குடிக்கிற பிளா கோலித் தந்தார். "முதலாளிமார் வாங்கோ, கூழ் ஆறப்போகுது!" ஆட்களுக்கு முன்னால் வரமாட்டேன் என்று சொல்ல இரண்டு பேருக்கும் வெட்கம். வந்தார்கள். கிடாரத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். முதல் பிளாவைப் பெரியப்பாவுக்கும் அடுத்ததை அப்பாவுக்கும் வார்த்தேன்.

பெரியப்பா ஒரு மிடறு குடித்தார். அவருடைய தொண்டை ஒருதரம் நின்று பிறகு இறங்கியது. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பாவும் குடித்தார். ஒருவர் முகத்திலும் ஒன்றும் இல்லை. பெரியப்பா பிளாவை முடித்தார். அதைப் பார்த்து அப்பாவும் முடித்து, என்னிடம் நீட்டினார். உடனே பெரியப்பாவும் நீட்டினார். ஆட்கள் முதலாளிமாரைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் குடித்தார்கள். தண்டல் ஒருவாய் வைத்துவிட்டு மிச்சத்தை முதுகுக்குப் பின்னால் மணலில் ஊற்றியதைக் கண்டேன், வயது போனவர் வயிறு பாரமாக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது பிளா. நாலாவது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இனி என்ன, இரண்டு பேரும் கதைப்பார்கள் என்று எனக்கும் ஒரு பிளா வார்த்துக் குடித்தேன்.

வேப்பங்கொட்டையைச் சப்பியிருக்கிறீர்களா? அதையும் தாங்கலாம்.

துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றேன். இரண்டு பேரும் தங்கள் பிள்ளையைக் காட்டிக் கொடுக்கக் கூடாதென்றும், மற்றவருக்கு முன்னால் தோற்கக் கூடாதென்றும் அதைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஐந்தாம் முறை பிளாவை நீட்டினார்.

அப்போதுதான் பெரியப்பா வாய் திறந்தார். வழக்கம்போல என்னிடம்தான். "பிள்ளை, கொப்பரிட்டைச் சொல்லு, இனிக் குடிக்கவேண்டாமெண்டு. சின்னனிலை இருந்தே அவனுக்கு வயித்துக்கு ஒத்துக்கொள்ளாது. ராத்திரி முழுக்க உழைஞ்சுபோடுவான்."

அப்பா இரண்டு முழத்தில் இருந்தார். சுற்றியிருந்த எல்லாருக்கும் அது கேட்டது. நானோ பழக்கதோஷத்தில் திரும்பி, என் தூதுவர் குரலில் சொன்னேன்: "அப்பா, இனி நீங்கள் குடிக்கக்கூடாதாம்."

கிடாரத்தில் கூழ் ஒரு குமிழி விட்டு அடங்கியது.

"அவ்வளவோ சொன்னவர்?" என்று அப்பா கேட்டார்.

"ஓம்."

"எனக்கும் காது கிடக்குப் பிள்ளை." பிளாவை மணலில் வைத்தார். "கயிறு அறுந்த அண்டைக்குப் பெரியப்பா என்ன சொன்னவர்? முழுக்கச் சொல்லு."

அழுதால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்து அழப் பார்த்தேன். அழுகையும் வரவில்லை. சொன்னேன். புதுக்கயிறைச் சொன்னேன். இருமலைச் சொன்னேன். வழியில் விட்டது ஒவ்வொன்றாக வந்தது, இவ்வளவு இருந்ததா என்று எனக்கே தெரியாது. பெரியப்பா குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டே, "அப்ப வலையைப் பிரிப்பம் எண்டது?" என்றார்.

"அதை அப்பா சொன்னவர். ஆனால் சொல்லிப்போடாதை எண்டவர்."

"அச்சா!" என்றார் தண்டல். "சொல்லெண்டதை விட்டுட்டு, சொல்லாதை எண்டதைக் கொண்டுபோய்க் குடுத்திருக்கிறாள்."

பெரியப்பா எழும்பித் தன் வாடிக்குள் போனார். அப்பா கடல் ஓரமாக நடந்து போனார். என்னை ஒருவரும் ஏசவில்லை. அக்கா மட்டும் வந்து என்னோடு சேர்ந்து கிடாரத்தைச் சரித்தாள். மணல் அந்தக் கூழை மெல்ல மெல்லத்தான் குடித்தது. "வடிக்காதது என்ரை பிழையும்தான்" என்றாள். அன்றைக்குத்தான் நான் அவளை மனதார அக்கா என்று கூப்பிட்டேன்.

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் தெரியுமா? இரண்டு பெரிய மனிசர் ஒரு பிள்ளையின் வாயால் கதைத்தது அவர்களுடைய பிழை என்று நான் கனகாலம் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அது சரிதான். ஆனால் அந்தப் பத்தடியில் நான் ஒவ்வொரு நாளும் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிவு செய்தேன். பதினொரு வயதுக்கு அது நன்றாகவே தெரியும். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அப்பாவிகள் என்று சொல்லிக்கொள்வது எங்களுக்கு வசதி, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை விடிய, சுருவிலில் இருந்து வலை பொத்துகிறவர் வள்ளத்தில் வந்து இறங்கினார். இடுப்பில் கத்தி. கையில் அளக்கிற கயிறு. கரையில் விரித்துக் கிடந்த வலைக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டு, யார் முதலில் சொல்லப்போகிறார்கள் என்று இரண்டு வாடியையும் மாறி மாறிப் பார்த்தார். ஆட்கள் எட்டுப் பேரும் தள்ளி நின்றார்கள்.

நான் எழும்பி அடுப்புக்கு வந்தால் அது முன்னமே எரிந்துகொண்டிருந்தது. அப்பா குந்தியிருந்து கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். ராத்திரி அவர் பற்றைப் பக்கம் நாலைந்து தரம் போய் வந்ததை நான் அறிவேன். அந்தப் பக்கமும் அதே கதைதான் என்று அக்கா பிறகு சொன்னாள். கஞ்சியில் ஒன்றும் இல்லை, அரிசி, தண்ணீர், நாலு வெங்காயம். பானை வாயை ஈரச் சாக்கால் பிடித்துத் தூக்கினார்.

நான் ஓடிப்போய், "தாங்கோ அப்பா, நான் குடுத்துட்டு வாறன். என்ன சொல்லவேணும்?" என்றேன்.

"நீ ஒண்டும் சொல்லவேண்டாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நான் போறன்."

பத்தடி. சுடுகிற பானையோடு, வெறுங்காலோடு, மெதுவாக நடந்தார். பெரியப்பா வாடி வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பானையைப் பார்த்தார், அப்பாவைப் பார்க்கவில்லை.

"ஆர் காய்ச்சினது?"

"நான்தான் அண்ணை."

பெரியப்பா பக்கத்தில் கிடந்த கோப்பையை எடுத்து ஊதித் துடைத்து நீட்டினார். "அப்ப வார்" என்றார்.

அப்பா வார்த்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் மணலில் இருந்தார். கரையில் குந்தியிருந்தவர் கத்தியில் கையை வைத்தபடி, "அப்ப நான் இனி என்ன செய்யிறது?" என்று கேட்டார். "வந்து கஞ்சி குடியும்" என்றார் தண்டல். எட்டுப் பேரும் போய் வலையைச் சுருட்டி வள்ளத்தில் ஏற்றத் தொடங்கினார்கள்.

அப்பாவும் பெரியப்பாவும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் வெறுங்கையோடு நின்றேன். அவர்கள் என்ன கதைத்தார்கள் என்பது எனக்குக் கேட்கவில்லை. கேட்டுச் சொல்லும்படி யாரும் என்னைக் கூப்பிடவும் இல்லை.